பெட்டிக்குள் குழந்தை, கையில் நோட்டு

அத்தியாயம் 4: தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைமாதக் குழந்தையின் முன்னேற்றத்தைப் பெற்றோர் பின்தொடர்வது

பிரசவ தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். "பெட்டியில வச்சிருக்காங்க" என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லியும் ஆயிற்று. அடுத்த சில வாரங்கள், சில குடும்பங்களுக்குச் சில மாதங்கள், அந்தக் கண்ணாடிக் கதவைச் சுற்றித்தான் ஓடப்போகின்றன. அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு இந்த அத்தியாயம்.

சிகிச்சை டாக்டர்கள் பொறுப்பு. தாய்ப்பாலும் உடற்சூடும் பெற்றோரால் மட்டுமே தர முடிந்தவை. மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நர்ஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுவார்கள், பயிற்சி டாக்டர்கள் மாதத்துக்கு மாதம் மாறுவார்கள். முதல் நாள் முதல் கடைசி நாள் வரை மாறாமல் இருக்கப்போவது நீங்கள்தான். குழந்தையின் கதை முழுவதும் தெரிந்தவராக நீங்கள் இருக்க வேண்டும்.

முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

சிசேரியன் ஆன அம்மா வார்டில் படுத்திருப்பார். என்.ஐ.சி.யூ. எனப்படும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பது பெரும்பாலும் அப்பாவோ பாட்டியோதான். அவர்கள் கேட்க வேண்டியவை இவை:

1. பிறக்கும்போது எத்தனை வாரம், எத்தனை நாள்? "ஏழு மாசம், எட்டு மாசம்" என்ற கணக்கு இங்கே உதவாது. "31 வாரம் 4 நாள்" என்று எழுதுங்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம். 32க்கு முன் என்றால் கவனிப்பு பல மடங்கு கூடும். 28க்கும் முன் என்றால் நீண்ட பயணத்துக்குத் தயாராகுங்கள்.

2. பிறந்த எடை எவ்வளவு? கிராமில் எழுதுங்கள். "ஒன்றரை கிலோ இருக்கும்" என்பது போதாது.

3. மூச்சுக்கு என்ன உதவி தருகிறார்கள்? வென்டிலேட்டரா, மூக்கில் வைக்கும் சிபாப்பா, ஹை-ஃப்ளோவா, வெறும் ஆக்சிஜனா?

4. பிரசவத்துக்கு முன் அம்மாவுக்கு நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? குழந்தைக்கு, நுரையீரல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுத்தார்களா?

5. பால் ஆரம்பித்தாயிற்றா, ட்ரிப்ஸ் மட்டும்தானா?

6. தினமும் விவரம் சொல்லும் டாக்டர் யார், எத்தனை மணிக்குப் பார்க்கலாம்? அம்மா எப்போதெல்லாம் உள்ளே வரலாம்?

7. செலவு. அரசு மருத்துவமனையில், ஒரு வயதுக்குட்பட்ட நோயுற்ற குழந்தைக்கான சிகிச்சையும் மருந்தும் இலவசம். தனியார் மருத்துவமனை என்றால் ஒரு நாளைக்கு உத்தேசமாக எவ்வளவு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அங்கே செல்லுமா என்பதை அன்றே கேளுங்கள். கூச்சப்பட்டுப் பத்து நாள் கழித்துக் கேட்டால் பில்தான் பதில் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. "ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசம் பிழைக்காது" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லாமல் இருக்க மாட்டார். இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் 1963இல் எட்டாவது மாதத்தில் பிறந்து, நுரையீரல் விரியாமல் இரண்டு நாளுக்குள் இறந்துபோனான். அன்று சர்ஃபாக்டன்ட் மருந்தும் கிடையாது, சிபாப்பும் கிடையாது. இன்று அதே வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள்.

உள்ளே போகும் முன்

குறைமாதக் குழந்தைக்கு மிகப் பெரிய எதிரி கிருமி. அது பெரும்பாலும் கைகள் வழியாகத்தான் போகிறது.

1. மோதிரம், வளையல், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். சாமிக் கயிறாக இருந்தாலும் கழற்றித்தான் ஆகவேண்டும். அதன் ஈரத்தில் கிருமி தங்கும்.

2. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் படும்படி தேய்த்துக் கழுவுங்கள்.

3. கை தானாக உலரட்டும். புடவைத் தலைப்பில் துடைத்தால் கழுவியது வீண்.

4. கழுவிய பிறகு செல்போனைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். எல்லோரும் தவறுவது இங்கேதான்.

5. குழந்தையைத் தொடும் முன் ஸ்டேண்டில் இருக்கும் சானிடைசரை மறுபடி போடுங்கள்.

6. சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விரலில் சீழ் என்று எது இருந்தாலும் உள்ளே போகும் முன் சிஸ்டரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சாதாரண ஜலதோஷம் என்றால் மாஸ்க் போட்டு அனுமதிப்பார்கள். பார்க்க வரும் சித்தப்பாவுக்கு என்றால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

தொடும்போது தட்டாதீர்கள், தடவாதீர்கள். அந்தத் தோலுக்கு லேசான வருடல்கூட எரிச்சல் தரும். ஒரு கை தலையில், ஒரு கை பாதத்தில் வைத்து அசைக்காமல் பிடித்திருங்கள். மெல்லப் பேசுங்கள். உங்கள் குரல் அதற்கு வயிற்றிலிருந்தே பழக்கம்.

மானிட்டரைப் பார்க்கும் முறை

திரையில் ஓடும் எண்களில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். இதயத் துடிப்பு பொதுவாக நிமிடத்துக்கு 120 முதல் 160. மூச்சு 40 முதல் 60. ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், ஆக்சிஜன் உதவியில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 சதவீதம்.

அலாரம் அடித்தால் செய்ய வேண்டியது:

1. திரையை விட்டுவிட்டு முதலில் குழந்தையைப் பாருங்கள். நிறம் எப்படி இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறதா?

2. நிறம் நன்றாக இருந்து குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தால், பாதத்தில் ஒட்டிய சென்சார் நழுவியிருக்கலாம். அலாரங்களில் பல இப்படிப்பட்டவைதான்.

3. உதடு நீலம் பாரித்தாலோ நெஞ்சு அசையாவிட்டாலோ உடனே "சிஸ்டர்!" என்று கூப்பிடுங்கள். நீங்களே குலுக்காதீர்கள்.

4. எந்தப் பட்டனையும் தொடாதீர்கள், அலாரம் சத்தத்தை நிறுத்துவதற்காகக்கூட.

குறைமாதக் குழந்தை அவ்வப்போது மூச்சுவிட மறந்துபோகும். 20 விநாடிக்கு மேல் நின்றால் அதை அப்னியா என்பார்கள். மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி முற்றாததே காரணம். சிஸ்டர் பாதத்தை லேசாகத் தட்டினால் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். இதற்குக் கொடுக்கும் மருந்து, நாம் காபியில் குடிக்கும் அதே காஃபீன்தான். 34 வாரத்தைத் தாண்டும்போது இந்த மறதி குறைய ஆரம்பிக்கும்.

பெற்றோர் அடிக்கடி செய்யும் ஒரு தவறு, "92தான் காட்டுது, ஆக்சிஜனை ஏத்தி வைங்க சிஸ்டர்" என்று கேட்பது. நமக்கு 100 நல்லது. ஆக்சிஜன் உதவியில் இருக்கும் இந்தக் குழந்தைக்கு 100 ஆபத்து. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இங்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் விழித்திரை பாதித்துப் பார்வை போனது. 1950இல் குறைமாதமாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். சிஸ்டர் ஆக்சிஜனைக் குறைத்து வைத்தால் அவர் உங்கள் குழந்தையின் கண்ணைக் காப்பாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டுப் போடுதல்

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். செல்போனில் எழுதலாம்தான். ஆனால் அதை உள்ளே கொண்டுபோக முடியாது, பாட்டி படிக்கவும் முடியாது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மாதிரிக்கு ஒன்று:

பிறந்து 12 நாள். இன்று 33 வாரம் 2 நாள்.
எடை: 1,310 கிராம் (நேற்று 1,290, பிறந்தபோது 1,300).
மூச்சு: ஹை-ஃப்ளோ. ஆக்சிஜன் 23 சதவீதம் (நேற்று 25).
அப்னியா: 1 முறை, தட்டியதும் சரியானது.
பால்: 2 மணி நேரத்துக்கு 16 மி.லி., டியூபில். கக்கவில்லை.
சிறுநீர், மலம்: போயிருக்கிறது, வயிறு மிருதுவாக இருக்கிறது.
அம்மா பீய்ச்சிய பால்: 8 முறை, மொத்தம் 410 மி.லி.
கங்காரு: 5 மணி நேரம்.
இன்று மாற்றியது: கையிலிருந்த ட்ரிப்ஸ் எடுத்தார்கள்.
நாளை கேட்க வேண்டியது: கண் பரிசோதனை எந்தத் தேதி?

இந்த நோட்டைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. இன்றைய எண்ணை நேற்றோடு ஒப்பிட்டால் மனம் ஊஞ்சலாடும். போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். எடை முதல் வாரத்தில் குறையும். பத்து சதவீதம், மிகச் சிறிய குழந்தைக்கு அதற்குச் சற்று மேலும் குறையலாம். பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் பிறந்த எடை திரும்பும். அதன் பிறகு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு 25 கிராம் என்பது நல்ல நாள்.

ஒரு நாள் எடை ஏறாவிட்டால் அன்று மலம் நிறையப் போயிருக்கலாம், கையில் கட்டியிருந்த பேண்டேஜை எடுத்திருக்கலாம். தொடர்ந்து மூன்று நாள் ஏறாவிட்டால் கேளுங்கள். ஒரே நாளில் நூறு கிராம் ஏறினாலும் சந்தோஷப்படுவதற்கு முன் கேளுங்கள், உடம்பில் நீர் கோத்திருக்கலாம்.

மூச்சு உதவி படிப்படியாக இறங்க வேண்டும்: வென்டிலேட்டர், சிபாப், ஹை-ஃப்ளோ, சாதா ஆக்சிஜன், கடைசியில் எதுவுமில்லாமல். ஒரு படி இறங்கிய குழந்தையை இரண்டு நாளில் மறுபடி மேல் படிக்கு ஏற்றுவது சகஜம். அதைத் தோல்வியென்று நோட்டில் எழுதாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்

ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் பேசக் கிடைப்பது ஐந்து நிமிடம். "குழந்தை நல்லா இருக்குதா டாக்டர்?" என்று கேட்டால் "பரவாயில்லம்மா" என்பதோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

1. "நேத்தைக்கு இன்னைக்கு என்ன மாத்தியிருக்கீங்க டாக்டர், எதுக்காக?"

2. "இப்ப உங்களுக்கு இவகிட்ட பெரிய கவலை எது?"

3. "அடுத்து எதைப் பார்த்தா முன்னேற்றம்னு நாங்க நினைச்சுக்கலாம்?"

புரியாத சொல் வந்தால் "தமிழ்ல சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கேட்பது நல்லது. ஒருவர் கேட்டு மற்றவரிடம் சொல்லும்போது பாதி கரைந்துவிடும். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் "இது எதுக்கு?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பால்: அம்மா மட்டுமே செய்யக்கூடிய மருத்துவம்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். குறைமாதக் குழந்தையின் குடல் மிக மெல்லியது. அதில் வரக்கூடிய ஆபத்தான குடல் அழற்சி, புட்டிப்பால் பவுடர் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது.

பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்ச ஆரம்பியுங்கள். முதல் மணியிலேயே முடிந்தால் இன்னும் நல்லது. "குழந்தைதான் குடிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மூன்று நாள் விட்டால் பால் வற்றிவிடும். பிறகு மீட்பது கடினம்.

1. கையைக் கழுவுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மார்பில் ஒத்தடம் கொடுத்து மெல்ல நீவுங்கள்.

2. கட்டைவிரலைக் கரிய வட்டத்தின் மேல் ஓரத்திலும், ஆள்காட்டி விரலைக் கீழ் ஓரத்திலும் வையுங்கள். காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள்.

3. முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்துங்கள், பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். விரல் தோலில் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது.

4. விரலைச் சுற்றிலும் இடம் மாற்றி எல்லாப் பக்கமும் அமுக்குங்கள். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், பிறகு மறுபக்கம் என மாற்றி மாற்றி, மொத்தம் இருபது முதல் முப்பது நிமிடம்.

5. கொதிக்கவைத்த, மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்திலோ மருத்துவமனை தரும் பாட்டிலிலோ பிடியுங்கள். அம்மா பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

6. ஒரு நாளில் எட்டுமுதல் பத்து முறை. இரவில் ஒருமுறையாவது கட்டாயம். பால் சுரக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும்.

முதல் இரண்டு நாள் வருவது சில சொட்டுதான். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் அந்தச் சீம்பாலைக் கொட்டச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சொட்டும் வீணாக்காதீர்கள். பால் குடிக்க முடியாத குழந்தைக்கும் கன்னத்தின் உட்புறத்தில் தடவுவார்கள், அதுவே தடுப்பு மருந்து மாதிரி. இரண்டாவது வார முடிவில் ஒரு நாளைக்கு 500 மி.லி.யைத் தொட்டுவிட்டால், பின்னால் குழந்தை வளரும்போதும் பற்றாக்குறை வராது.

நம் ஊர் வெயிலில், பீய்ச்சிய பாலை வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுவாருங்கள். எவ்வளவு நேரம் ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்பதில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விதி உண்டு, அதையே பின்பற்றுங்கள்.

பால் போதவில்லையென்றால் பவுடர் டின் வாங்க ஓடும் முன் "தாய்ப்பால் வங்கி இருக்குதா?" என்று கேளுங்கள். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. இன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உள்படத் தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. தானம் தரும் தாய்மாரைப் பரிசோதித்து, பாலைப் பாஸ்சுரைஸ் செய்துதான் கொடுப்பார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் நேராக வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். அவருக்கு இருக்கும் தொற்று உங்களுக்குத் தெரியாது.

அம்மாவின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது, காய்கறியைத் தள்ளுவது எல்லாம் பாலுக்கும் கேடு, தையல் ஆறுவதற்கும் கேடு. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் பிடித்தால் சாப்பிடட்டும். ஆனால் பால் சுரக்க வைப்பது அடிக்கடி பீய்ச்சுவதுதான்.

டியூபிலிருந்து பாலாடைக்கு, பாலாடையிலிருந்து மார்புக்கு

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யக் குழந்தைக்கு ஏறக்குறைய 34 வாரம் ஆகவேண்டும். அதுவரை வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய டியூபில் பால். 32 வாரத்தை ஒட்டிப் பாலாடையில் பழக்குவார்கள். பெற்றோரின் அவசரம் குழந்தைக்கு ஆபத்தாக முடிவதும் இந்தக் கட்டத்தில்தான்.

1. குழந்தையைப் பாதி உட்கார்ந்த நிலையில், கழுத்தைத் தாங்கிப் பிடியுங்கள்.

2. பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில் வைத்துச் சில சொட்டு மட்டும் விடுங்கள்.

3. விழுங்கிய பிறகே அடுத்தது. அழும்போது ஊற்றவே கூடாது.

4. இருமினாலோ, நிறம் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திச் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

5. தூங்கிவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். மீதியை டியூபில் கொடுப்பார்கள்.

பாலாடையைக் கழுவி, ஒவ்வொரு முறையும் கொதிக்கும் நீரில் போட்டெடுக்க வேண்டும். நிப்பிள் பாட்டில் வேண்டாம். டியூபில் பால் குடிக்கும் நாட்களிலேயே, பீய்ச்சி முடித்த மார்பில் குழந்தையைச் சும்மா வாய்வைக்க விடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நக்கினாலே போதும், அது பழகுகிறது.

கங்காரு முறை

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில், இங்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கார் ரே என்ற டாக்டர் தொடங்கியது, குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் அணைத்து வைக்கும் இந்த முறை. இல்லாமைக்கு மாற்றாக வந்த முறை, வசதி உள்ள இடத்திலும் உயிரைக் காப்பதாகத் தெரிந்தது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாள் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் முதல் முடிந்தமட்டும் 24 மணி நேரம் வரை பரிந்துரைக்கிறது.

ஆகவே "எடை கூடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திராமல் நீங்களே கேளுங்கள்: "சிஸ்டர், கங்காரு எப்ப ஆரம்பிக்கலாம்?"

1. முன்புறம் திறக்கும் நைட்டி அல்லது தளர்வான பிளவுஸ். அப்பா என்றால் சட்டைப் பட்டனைத் திறந்தால் போதும். குளித்துச் சுத்தமாக வாருங்கள். பவுடர், செண்ட் வேண்டாம்.

2. முன்னதாகச் சாப்பிட்டு, பாத்ரூம் போய் வந்துவிடுங்கள். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அடிக்கடி எடுத்து வைப்பது குழந்தையைக் களைக்கவைக்கும்.

3. ஒயரும் டியூபும் இருக்கும் குழந்தையைச் சிஸ்டர்தான் எடுத்துத் தரவேண்டும்.

4. டயப்பர், குல்லா, காலுறை மட்டும். மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தவளை மாதிரி கையும் காலும் மடங்கியிருக்க வையுங்கள்.

5. தலை ஒரு பக்கம் திரும்பி, லேசாக நிமிர்ந்திருக்கட்டும். கழுத்து முன்னால் மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

6. துணிப்பட்டையால் கட்டி, சாய்ந்த நிலையில் உட்காருங்கள். தட்டையாகப் படுக்காதீர்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சலோ களைப்போ என்றால் அப்பா, பாட்டி, சித்தி யாரும் செய்யலாம். வாசலில் டீ குடித்துக்கொண்டு தவிக்கும் அப்பாக்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

பின்னடைவு வரும் நாள்

வரும். அதற்குத் தயாராக இருப்பது அதை எதிர்பார்த்துப் பயப்படுவது ஆகாது. தினமும் பார்க்கும் அம்மாவின் கண்ணுக்கு முதலில் தெரியும் அறிகுறிகள் உண்டு: வழக்கத்தைவிடத் துவண்டு கிடப்பது, தோல் வெளிறிப்போவது அல்லது திட்டுத்திட்டாகத் தெரிவது, வயிறு விறைத்து உப்புவது, பச்சை நிறத்தில் கக்குவது, மலத்தில் ரத்தம், அப்னியா திடீரென்று கூடுவது. "சும்மா தோணுதோ" என்று தயங்காதீர்கள். "இன்னைக்கு இவ வழக்கம்போல இல்ல சிஸ்டர்" என்பதே போதுமான தகவல்.

"பாலை நிறுத்தியிருக்கோம்" என்று சொன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: எதற்காக, என்ன டெஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள், எப்போது மறுபடி பார்ப்பார்கள். அம்மா பீய்ச்சுவதை நிறுத்தக் கூடாது. அந்தப் பாலைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைப்பது பின்னடைவுக் கணக்கில் வராது. பெரும்பாலான குறைமாதக் குழந்தைகளுக்கு அது தேவைப்படும். கண்ணைக் கட்டியிருப்பார்கள், பயப்படாதீர்கள்.

பணம் தீர்ந்துபோனாலோ நம்பிக்கை தளர்ந்தாலோ, சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையைக் காரில் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். வழியில் குளிர்ந்துபோவதும் மூச்சு நிற்பதும் நடக்கும். டாக்டரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் படுக்கை இருப்பதை உறுதி செய்துகொண்டு, பச்சிளங்குழந்தைகளுக்கான 108 ஆம்புலன்ஸில் மாற்றச் சொல்லுங்கள்.

தவறவிடக் கூடாத பரிசோதனைகள்

கண்: 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன், அல்லது 1,200 கிராமுக்குக் குறைவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. முன்னதாக டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குழந்தை நன்றாக விழித்துப் பார்ப்பதால் கண் சரியாக இருக்கிறதென்று பொருளில்லை. ஒருமுறை பார்த்தால் போதாது, "போதும்" என்று கண் டாக்டர் சொல்லும்வரை போக வேண்டும். நாள் கடந்தால் லேசர் வைத்தும் பலனில்லாத கட்டம் வந்துவிடும்.

காது: என்.ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்கு, செவி நரம்பு வரை சோதிக்கும் ஏ.பி.ஆர். வகைப் பரிசோதனை தேவை. மூளை: உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். முதல் வாரத்திலும் பின்னால் ஒருமுறையும் எடுப்பார்கள். ரத்தக் கசிவு முதல் இரண்டு நிலைகளில் இருந்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். தைராய்டு: முதல் ரிசல்ட் நார்மல் என்றாலும் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். நான்கையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன்

எத்தனை கிலோ வந்தால் அனுப்புவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். எடையைவிட முக்கியமானவை: பெட்டிக்கு வெளியே உடல் சூடு நிற்கிறதா, முழுப் பாலும் வாய்வழியாகக் குடிக்கிறதா, சில நாளாகத் தொடர்ந்து எடை ஏறுகிறதா, காஃபீன் நிறுத்திய பிறகு பல நாளாக அப்னியா இல்லையா. கடைசி இரண்டு மூன்று நாள் அம்மாவே எல்லாம் செய்து, சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

வீட்டில் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் சரி. பாதம் மட்டும் சில்லென்றால் கங்காருவில் வையுங்கள். இரண்டும் சில்லென்றால் கங்காருவில் வைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, முனகல், நீலம் பாரிப்பது, வலிப்பு, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108.

செய்யக் கூடாதவை: சேனை வைப்பது, உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, கண்ணுக்கு மை, அறையில் சாம்பிராணிப் புகை. மூச்சுக்குப் போராடி வந்த நுரையீரலுக்குச் சாம்பிராணி ஒரு தண்டனை. வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. முதல் சில வாரம் கூட்டம் வேண்டாம். தொட்டில் போடும் சடங்கைத் தள்ளிவைத்தால் குறைந்துவிடாது. தூங்கும்போது மல்லாந்துதான் படுக்கவைக்க வேண்டும், தலையணை வேண்டாம்.

டாக்டர் எழுதித் தரும் வைட்டமின் டி, இரும்புச்சத்துச் சொட்டு மருந்துகளை "நல்லாத்தானே இருக்கா" என்று இடையில் நிறுத்தாதீர்கள். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில் போட வேண்டும். ஒன்றரை மாத ஊசியைக் குழந்தை சிறியது என்று தள்ளாதீர்கள்.

குப்புற விழுவதையும் உட்காருவதையும் மட்டும் வேறு கணக்கில் பாருங்கள். எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அதைக் கழித்துவிடுங்கள். எட்டு வாரம் முந்திய குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது நான்கு மாதக் குழந்தையின் வேலைகளை எதிர்பாருங்கள். இரண்டு வயது வரை இந்தக் கணக்கு. அதுவரை வளர்ச்சிப் பரிசோதனைக்கு வரச்சொல்லும் தேதிகளில் போய்வாருங்கள். எதிலாவது தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இயன்முறைப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கும்.